நாலு பேருக்கு அஞ்சு பொருள்

— காலில ஜெபப் பொட்டி மூடியத் தொறந்ததும் மேல கெடந்தத ஒண்டி தனியா எட்த்து வெச்சிட்டேன் பாஸ்டரு. அத்த கடேசில பாத்துக்கலாம். மொதல்ல சீட்டுங்கள நீ படி.

— இருங்கக்கா, கண்ணாடிய எடுத்துக்கிடுதேன். இந்த வாரம் எத்தனை சீட்டு?

— ஒம்போது. அது கெடக்கட்டும், நீ சோறு துன்னியா?

— காலையில டீ குடிச்சேன்.

— காலில குடிச்சது காலிலயே போச்சு. இப்போ மணி ஒண்ணு. தோ, தூக்குல கானாங்கத்த கொயம்பு கீது. கடல் மீனுதான், ஆத்து மீனு இல்ல. ஆத்துல கலந்த கம்பெனி எண்ண நாத்தம் அடிக்காது, பயப்படாம துன்னு.

— அப்புறமா சாப்பிடுதேன். முதல்ல இந்த வேலைய முடிச்சிருவோம்.

— சாப்பிடுதேன், முடிச்சிருவோம்! பதினாலு வருசமா எண்ணூரு காத்த குடிச்சிகினு கீற, இன்னும் ஒங்க ஊரு பேச்சு ஒன்ன வுட்டு போவல. சரி, படி.

— முதல் சீட்டு மோகனப்ரியா.

— தெரியுமே. நாலு பக்கம் இருக்கணுமே? அது பரிச்ச பேப்பரு மாதிரி எய்தும்.

— நாலேதான். நர்சிங் படிக்க அப்பா சம்மதிக்கணுமாம். அது முதல் பக்கம். மிச்ச மூணு பக்கமும் நன்றி. தெருவிளக்கு எரியுதுன்னு கூட ஒரு நன்றி எழுதியிருக்கா.

— தங்கமான பொண்ணு. நீ அவங்க அப்பன பாத்து ஒரு வார்த்த பேசு. ஜெபம் பண்ணா கர்த்தருக்குத்தான் கேக்கும், அந்தாளுக்கு கேக்காது.

— பேசுதேன். அடுத்தது ஜெயவேல். துறைமுகத்துல ராத்திரி ஷிப்ட்ட மாத்திப் போட்டுட்டாங்களாம், ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வர முடியலன்னு வருத்தப்பட்டிருக்காரு.

— அதுக்கு இன்னா, புதங்கெயம சாயங்காலம் அவுரு வூட்டாண்ட போய் நாலு பேரு குந்தி பாடிட்டு வந்தா போச்சு.

— போவோம். மூணாவது... மூணாவது என்ன எழுதியிருக்குன்னே தெரியல. எழுத்து கலங்குது.

— எய்த்து கலங்கல பாஸ்டரு, ஒன் கண்ணு கலங்குது. தூங்கறியா நீ?

— தூங்குதேன்க்கா.

— ஆங். கண்ணுக்கு கீய ரெண்டு பையி தொங்குது, தூங்கறானாம். ஒன் வூட்டுக்காரி மெர்லினு எப்போ வருது?

— திங்கக்கிழமை வருவா. வீட்டுச் செவுரு இன்னும் காயல, பிள்ளைக்கு இளைப்பு. அரக்கோணத்துல அவ அம்மா வீட்டுலயே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்.

— மயை வுட்டு ரெண்டு மாசம் ஆவுது. எந்த திங்கக்கெயம?

— அக்கா, சீட்டப் பாப்போமா?

— மெர்லினு நாளிக்கே வருது. சர்ச்சு வுடறதுக்குள்ள வந்துடும்.

— யார் சொன்னா?

— அதுதான் சொல்ச்சு. மோகனப்ரியா போன்ல பேசினேன். ஜெரி போன எடுக்கறதே இல்லன்னு ஒன்ன நெனச்சி கண்ணால தண்ணி வுடுது.

— சார்ஜ் இல்லாம கெடந்திருக்கும்.

— கெடக்கும், கெடக்கும். அப்பால இன்னொண்ணு. எங்கூட்டுக்காரு இன்னிலேந்து நாலு நாளு இங்க ஹால்ல படுத்துப்பாரு. தோ, பாயி கொண்டாந்து மூலைல சாய்ச்சி வெச்சிட்டேன்.

— எதுக்கு?

— மவ புள்ளைங்கள இஸ்துகினு வந்துகீறா. வூட்ல கால் நீட்ட எடம் இல்ல.

— அவரு கங்கையம்மன் கோயில் தர்மகர்த்தால்லா! சர்ச்சுல படுப்பாரா?

— படுப்பாரு. நான் சொல்ட்டேன்ல? சாமி ஒண்ணும் கோச்சிக்காது. அவுரு விடற கொறட்டைல சாத்தான் கூட கிட்ட வராது. ஒனக்குத்தான் பேஜாரு.

— படுக்கட்டும். எனக்கென்ன. துணைதானே.

— அதான். மிச்ச சீட்ட படி.

— எல்லாத்தையும் படிச்சிருதேன். ஆனா அக்கா, அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. தலைமைச் சபையில இருந்து ஒரு புக்கு அனுப்பியிருக்காங்க. பின்னால ஒரு படிவம் இருக்கு, அத நாளைக்குள்ள நிரப்பி அனுப்பணும்.

— ஆடற பெஞ்சு காலுக்கு அண்ட குட்த்து வெச்சிருந்தியே, அந்த புக்கா?

— அதேதான். எடுத்துத் தொடச்சிட்டேன். நெருக்கடி காலத்தில் சபை நடத்துவோருக்கான உதவிக் கையேடு.

— பேரு சொல்றதுக்கே மூச்சு வாங்குது. எய்தினவரு இங்க வந்துகீறாரா?

— இல்லக்கா. நல்ல மனுசங்கதான், நல்லதுக்குத்தான் எழுதியிருக்காங்க. ஜெப விண்ணப்பங்களை எந்த முறையில் பெறுகிறீர்கள், சுருக்கமாக எழுதவும்னு கேட்டிருக்கு. இதுக்கு நான் என்னத்த எழுத? பிஸ்கட் டின்னுன்னு எழுதவா?

— எய்தேன். இன்னா வெக்கம்? பிஸ்கட்டு டின்னுல ஓட்ட போட்டு வெச்சிகீறோம். எய்தத் தெரிஞ்சவங்கோ சீட்டு போடுவாங்கோ. தெரியாதவங்கோ பொருளு போடுவாங்கோ. சனிக்கெயம நானும் நீயும் குந்திகினு பிரிப்போம். நாயித்துக்கெயம நீ ஒண்ணொண்ணா கைல வெச்சிகினு ஜெபம் பண்ணுவ. அப்பால நான் அத்த அவங்கவங்ககிட்ட திருப்பி குட்த்துடுவேன். இது போதாதா?

— ஏன் பொருள்னு கேட்டா?

— ஆத்துல எண்ண வந்த வருசம் தனம் தன் மருமவ விசயத்த ஒருத்திகிட்ட சொல்லி எய்தி வாங்கினா. எய்தினவ வூடு போய் சேர்றதுக்குள்ள எர்ணாவூரு வரிக்கும் விசயம் நாறிப்போச்சு. அன்னிலேந்து அடுத்தவங்க கையால எய்தி வாங்க மாட்டோம்னு சொல்ட்டோம். அப்பிடின்னா பொருளப் போடுங்க, கர்த்தருக்குப் புரியும்னு சொன்னது நீதானே?

— சொன்னேன்.

— கர்த்தருக்கு ஒண்டியா? எனுக்கும் புரியுது. சபைல எய்தத் தெரியாத ஆளு நாலே பேரு. கெங்கம்மா, தனம், சுப்புராயன் பெரியவரு, அப்பால நானு. ஆளுக்கு ஒரு பொருளு. கைய வெச்சா யாருதுன்னு சொல்லுவேன்.

— அப்போ நாப்பது குடும்பம் இருந்துச்சு. இப்போ பதினேழு. சடையங்குப்பத்துக்காரங்க ஒருத்தரும் வரல. வந்தவங்களயும் அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தரு ஊர மாத்திட்டுப் போறாரு, ஒருத்தர நான் கல்லறைக்குக் கொண்டு போறேன். இந்த மாசம் மட்டும் மூணு அடக்கம்.

— தெரியும். மூணுக்கும் நானுந்தானே வந்தேன்.

— சபையின் வளர்ச்சி விகிதம்னு ஒரு கட்டம் இருக்கு அந்தப் படிவத்துல. அதப் பாத்துட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்க்கா. சிரிக்கவும் முடியல.

— அத்த நான் சொல்றேன், எய்து. ஆளு கொறஞ்சிபோச்சு, வேல ஜாஸ்தியாச்சு. கட்டத்துல அடங்கலன்னா வெளில எய்து. சரி, பொருளுக்கு வா. தோ, இது கெங்கம்மாது.

— மூக்குக் கண்ணாடிக் கால்.

— ஒடிஞ்சிபோச்சு. நூலு கட்டி போட்டுகினு மீனு விக்கறா. நேத்து சங்கரான்னு சொல்லி வேற எதியோ வித்துட்டு ஏச்சு வாங்கினா. செவ்வாய்க்கெயம திருவொத்தியூர்ல கண்ணு கேம்பாம், மோகனப்ரியாவ கூட அனுப்பு. நர்சு ஆவப் போற பொண்ணு, பயகட்டும்.

— குறிச்சிக்கிட்டேன். இது என்ன, மூடி மாதிரி?

— தனம் பேத்தி மூச்சு மருந்து இய்க்குமே, அந்த டப்பா மூடி. கம்பெனி பக்கத்துலேந்து காத்து அடிச்சா கொயந்தைக்கு நெஞ்சு கீச் கீச்சுங்குது. மருந்து தீந்துபோச்சுன்னு அர்த்தம்.

— ஒவைஸ் மருந்துக் கடையில சொல்லி இன்னைக்கே வாங்கிக் குடுத்துருதேன்.

— சொல்ட்டேன். அவுரு குட்த்து அனுப்பிட்டாரு. பாவம், அவுரு ஒரு நோம்பு தொறக்கறதுக்கு கூட நம்ம கஞ்சி ஊத்தல, மருந்து ஒண்டி கேக்கறோம்.

— வலை ஊசி. சுப்புராயன் பெரியவரு.

— மூணாவது வாரமா அதே ஊசி. நான் திருப்பி குட்க்கறேன், அவுரு திருப்பி போடறாரு. ஆத்துல எறங்கினா காலெல்லாம் புண்ணு. எறங்கலன்னா மனசுல புண்ணு. அவுருக்கு மீனு வேணாம் பாஸ்டரு, பொயுது போவணும். சர்ச்சு சன்னல்ல கொசுவலை கியிஞ்சி தொங்குதே, அத்த தைக்கச் சொல்லு. கை வேல செஞ்சா கொஞ்சம் ஆறும்.

— இத யோசிக்கவே இல்லையே நான். புக்குல கூட இல்ல.

— புக்குல இன்னாதான் கீது?

— ஏழு பாடம். ஒண்ணு, சபையாரின் விவரம் எடுத்தல். ரெண்டு, வீடு சந்திப்பு. மூணு, மனம் தளர்ந்தவரோடு பேசுதல். நாலு, உதவிப் பொருள் பங்கிடுதல். அஞ்சு, துக்க வீடு. ஆறு, பிற மதத்து அண்டை வீட்டாரோடு சேர்ந்து வேலை செய்தல். அவ்வளவுதான்.

— ஏயுன்னு சொன்ன. ஆறுதான் வந்துச்சு. எனுக்கு எய்தத்தான் தெரியாது, எண்ணத் தெரியும்.

— ஏழாவது ஊழியக்காரங்களுக்கு. ஓய்வு, அது இதுன்னு. சபைக்கு அது தேவையில்லக்கா.

— ஓகோ. சரி, இப்போ அத்த எட்த்து பாரு.

— எதக்கா?

— மேல கெடந்தத. தோ, கர்ச்சீப்புல சுத்தி வெச்சிகீறேன்.

— மாத்திரை.

— ஒவைஸு கடைலதான் காட்டினேன்.

— கடையில காட்டினீங்களா? எதுக்குக்கா அங்க எல்லாம்... யாருதுன்னு கேட்டாரா?

— பேரு படிக்கத் தெரியாதவ வேற எங்க போவேன்? யாருதுன்னு அவுரு கேக்கல. மூஞ்சிதான் மாறிப்போச்சு. தூக்க மாத்திரயாம். டாக்டரு சீட்டு இல்லாம குட்க்க மாட்டாங்களாம். முயு அட்ட, ஒண்ணு கூட பிரிக்கல. எம்மா நாளா இத்த வெச்சிகினு ஒரு ஆளு குந்தி யோசன பண்ணிகினு இருந்துச்சோன்னு நெனச்சேன் பாஸ்டரு. தொடப்பத்த போட்டுட்டு அப்டியே ஒக்காந்துட்டேன்.

— பழைய மாத்திரையா இருக்கும். எங்க போடன்னு தெரியாம இதுல போட்டிருப்பாங்க.

— குப்பையப் போட ஜெபப் பொட்டியா? எண்ணூர்ல குப்ப போட எடமா இல்ல?

— கொழந்தைங்க விளையாட்டுக்குப் போட்டிருக்கலாம்.

— ஓட்ட எம்மா ஒசரத்துல கீது? கொயந்த கைக்கு எட்டுமா? டபாய்க்காத பாஸ்டரு.

— நான் ஏன்க்கா டபாய்க்கப் போறேன்.

— எனுக்கு இன்னா தோணுது தெரியுமா? இத்த போட்ட ஆளு சாவணும்னு போடல. வேணாம்னு போட்டுகீது. எங்கைல இருந்தா தப்பாய்டும், நீ புடுங்கி வெச்சிக்கோ கர்த்தாவேன்னு போட்டுகீது. அதுல ஒண்டி எனுக்கு ஒரு சந்தோசம்.

— அப்பிடியும் இருக்கலாம்.

— அப்டித்தான். இல்லன்னா பிரிக்காம கொண்டாந்து போடுமா?

— கெங்கம்மாவா இருக்குமோ? புருசன் போன துக்கம்...

— போய் கேட்டேன். மூணு வூட்டுக்கும் வெயில்ல நடந்து போய்ட்டுத்தான் வரேன். கெங்கம்மா சிரிக்கறா. எனுக்கு படுத்தா தூக்கம், ஒக்காந்தா தூக்கம், மாத்திர எதுக்குங்கறா. தனத்துக்கு கொயந்தைய பாக்கவே நேரம் போதல. பெரியவரு அட்டைய இப்டி அப்டி திருப்பிப் பாத்துட்டு, இது காச்சலுக்கா கோவிந்தம்மான்னு கேக்கறாரு.

— நேராவா கேட்டீங்க எல்லாரையும்?

— நேராத்தான் கேட்டேன். தப்பா? ஒன் புக்குல அதுக்கு இன்னா போட்டுகீது? மூணாவது பாடம்னியே, அத்த படி பாக்கலாம்.

— இப்பவா?

— இப்பவேதான்.

— சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்வதற்கு ஒரு ஆள் கிடைத்ததால் பாரம்தான் குறையும்.

— ம். அப்பால?

— புத்தி சொல்லாதீர்கள். விசுவாசம் குறைந்துவிட்டது என்று குற்றம் சாட்டாதீர்கள். அபாயமான பொருள் ஏதும் கையில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

— அப்பால?

— தனியாக விடாதீர்கள். அன்றே ஒருவரை உடன் தங்கச் செய்யுங்கள். குடும்பத்தாரை வரவழையுங்கள். மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

— புக்கு எய்தினவரு பரவால்ல. பெஞ்சு காலுக்கு வெச்சது தப்பு.

— ஆமா.

— பாஸ்டரு, ஒன்ன ஒண்ணு கேக்கறேன். இத்த போட்டவங்களுக்கு மனசுல இன்னா இருந்திருக்கும்?

— நான் எப்பிடிக்கா சொல்ல?

— நீதானே எல்லார் வூட்லயும் போய் குந்தறவன். சொல்லு.

— சாகணும்னு இருந்திருக்காது. ரொம்ப அலுத்துப் போயிருக்கும். காலையில எழும்புனதும் யார் வீட்டுக்குப் போகணும், யாருக்கு ஆறுதல் சொல்லணும், எந்த அடக்கத்துக்கு எந்த வசனம்னு... வாய் பாட்டுக்குச் சொல்லும், உள்ள ஒண்ணுமே இருக்காது. காலி டின்னு மாதிரி. எழும்பாம தூங்கிட்டா நல்லாருக்கும்னு தோணும். அவ்வளவுதான். அத யாருகிட்ட சொல்ல? சொன்னா, இவனே இப்பிடியான்னு நெனப்பாங்க.

— அம்மாந்தூரம் தெரியுமா ஒனக்கு?

— ஊழியத்துல பாக்கறதுதானே. நாளைக்குப் பிரசங்கத்துல பொதுவா ஒரு வார்த்தை சொல்லுதேன். யாரா இருந்தாலும் அவங்களுக்குப் போய்ச் சேரும்.

— பொதுவா சொல்லாத. நேரா கேக்கணும்னு இப்பத்தானே படிச்ச?

— யாருன்னு தெரியாம யாரக் கேக்க?

— பெரியவரு பொருளு ஊசி. தனத்துது மூடி. கெங்கம்மாது கண்ணாடி காலு. நாலு பேருல மூணு ஆச்சா?

— ஆச்சு. உங்களோடது எங்க? நீங்க இந்த வாரம் போடலியா?

— போட்டேனே. தோ, பட்டனு. எம்புள்ள மணி சட்ட பட்டனு. சண்ட போட்டுகினு சட்டைய கியிச்சிகினு போனான், எட்டு மாசமா ஒரு போனு இல்ல. பட்டனு ஒண்டி எங்கைல தங்கிப்போச்சு.

— அவனுக்காகவும் ஜெபம் பண்ணுவோம்க்கா. அப்போ நாலு பேரும் போட்டாச்சு. அஞ்சாவதா இது...

— நாலு பேருக்கு அஞ்சு பொருளு. நேத்து உபவாச ஜெபம் முடிஞ்சி எல்லாரும் போன அப்பால, கடேசியா பட்டன போட்டது நானு. போட்டுட்டு கதவ பூட்டி சாவிய இடுப்புல சொருகினேன். இன்னிக்கு காலில நான்தான் தொறந்தேன். பட்டனு மேல இந்த அட்ட கெடக்குது.

— அக்கா...

— இன்னொரு சாவி ஒங்கிட்டதான் கீது. கைய குடு. நான் எங்கியும் போவல, இங்கியேதான் குந்தினு இருக்கப் போறேன். எய்தத் தெரியாதவங்களுக்குத்தானே நைனா பொருளு போடற சட்டம்? வாராவாரம் பத்து பக்கம் பிரசங்கம் எய்தறியே, எங்களுக்கு ஒரு வரி எய்தி போட ஒனக்கு கை வரலியா?